இசை கேள்வி – பதில்: ஒரு ஆல்பம், ஒரு வாரம்

சென்ற இதழில் இண்டி, ஆம்பியன்ட், எக்ஸ்பெரிமென்டல் இசை பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் "கட்டாயம் கேட்க வேண்டிய ஐம்பது ஆல்பங்களைச் சொல்லுங்கள்" என்கிற கோரிக்கைதான். ஐம்பதெல்லாம் வேண்டாம். இந்த வகை இசையில் ஐம்பது ஆல்பங்களை ஒரே மாதத்தில் கேட்டுத் தள்ளினால் ஒன்றுகூடக் காதில் நிற்காது. ஒன்றை எடுங்கள், ஒரு வாரம் அதையே போடுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். கீழே நான் சொல்கிற எல்லா ஆல்பத்துக்கும் இதுதான் என் யோசனை.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: ஆம்பியன்ட் என்றால் தூங்குவதற்கான இசையா? எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

ஆங்கிலேய இசைக்காரர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', 1978. நான்கே நான்கு துண்டுகள், ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும். 1975 தொடக்கத்தில் ஈனோ ஒரு விபத்தில் அடிபட்டு வீட்டில் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் 18ஆம் நூற்றாண்டு ஹார்ப் (நம் யாழ் மாதிரியான மேற்கத்திய நரம்புக் கருவி) இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் கவனிக்கிறார், சத்தம் மிகவும் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. மறுபடி எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருக்க, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஹார்ப் கேட்கிறது. அறையில் விழும் வெளிச்சமும் மழைச் சத்தமும் எப்படிச் சூழலோடு சேர்ந்துவிடுகின்றனவோ அப்படி இசையும் சேர்ந்திருக்கலாம் என்பது அப்போதுதான் தனக்குப் புரிந்தது என்று அதே வருடம் வந்த 'டிஸ்க்ரீட் மியூசிக்' தட்டின் உறையில் அவரே எழுதினார்.

இதிலிருந்து அவர் வைத்த நிபந்தனை முக்கியமானது. இந்த இசையைக் கவனிக்காமல் விட்டாலும் அது உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, கவனித்தால் கவனித்த அளவுக்கு அதில் ஏதாவது இருக்க வேண்டும். தூங்கவைக்கிற இசைக்கு முதல் பாதி மட்டும் போதும். ஆம்பியன்டுக்கு இரண்டும் வேண்டும்.

அந்த இரண்டாவது பாதியை நேரில் பார்க்க, ஆல்பத்தின் இரண்டாவது துண்டைக் கேளுங்கள். குரல்கள் தனித்தனி ஸ்வரங்களை 'ஆ' என்று பிடிக்கின்றன, விடுகின்றன. வேறு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனி டேப்பில் பதிந்து, அந்த டேப்பின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கியது. வளையம் ரெக்கார்டருக்குள் அடங்காத நீளம் என்பதால் ஜெர்மனியில் இருந்த ஸ்டூடியோவில் அலுமினிய நாற்காலிகளைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஒரு ஸ்வரம் இருபத்து மூன்றரை வினாடிக்கு ஒருமுறை வருகிறது, இன்னொன்று 26 வினாடிக்குச் சற்றுக் குறைவாக, மூன்றாவது 30க்குச் சற்றுக் குறைவாக. இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் சில சமயம் மூன்று ஸ்வரங்கள் அடுக்கி வந்து ஒரு நொடி களைகட்டுகிறது, சில சமயம் எதுவும் வராமல் அறை அப்படியே இருக்கிறது, அதே சேர்க்கை நீங்கள் கேட்கிற நேரத்துக்குள் திரும்பி வருவதே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அடுத்தது எப்போது வரும் என்று காது தானாகக் காத்திருக்க ஆரம்பிக்கும். தூக்கம் வராது.

ஐடி ஊழியர், சேலம்: யூடியூபில் 'எட்டு மணி நேர மழை', 'ஃபோகஸ் மியூசிக்' என்று ஓடுகிறதே, அதுவும் இதுவும் வேறா? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வேலைக்கு உதவுகிறது என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த எட்டு மணி நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் தொட்டு ஐந்து நிமிடம் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேட்கக் கேட்க ஏதாவது கூடுகிறதா, இல்லை முதல் பத்து வினாடியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏனென்றால் அது நீங்கள் கேட்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது.

தபால்துறை ஊழியர், தூத்துக்குடி: நண்பர் வில்லியம் பஸின்ஸ்கி என்பவரின் 'தி டிஸ்இன்டக்ரேஷன் லூப்ஸ்' கேள் என்று உயிரை எடுக்கிறார். போட்டேன். ஐந்து வினாடித் துண்டு ஒன்று ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, அவரிடம் கேட்டால் 'உணர வேண்டும்' என்கிறார்.

'உணர வேண்டும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற நண்பர்கள்மேல் எனக்கும் வருத்தம்தான். என்ன நடக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நடப்பது இது. பஸின்ஸ்கி அப்போது நியூயார்க்கில் இருந்த இசைக்காரர். 1980களின் தொடக்கத்தில் செய்து வைத்திருந்த டேப் வளையங்களை 2001 கோடையில் டிஜிட்டலாக மாற்ற உட்கார்ந்தார். டேப் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் இரும்பு ஆக்சைடு தூளைப் பசையால் ஒட்டியது, ஒலி இருப்பது அந்தத் தூளில்தான். இருபது வருடத்தில் பசை கெட்டுப்போயிருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் தூள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. ரெக்கார்டிங்கை ஓடவிட்டுவிட்டார்.

ஆக, நீங்கள் கேட்டது ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருவது மாதிரி தோன்றினாலும் எந்தச் சுற்றும் முந்தைய சுற்று அல்ல. முதல் பகுதி 63 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள், கொம்பு வாத்தியம் போன்ற ஒரு சின்ன மெட்டு முழுசாக இருக்கும். அப்புறம் முப்பதாவது நிமிடத்துக்குத் தாவுங்கள், மெட்டின் நடுவில் ஓட்டைகள் விழுந்திருக்கும், சில ஸ்வரங்களின் தொடக்கம் மட்டும் மிச்சம். கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போங்கள், மெட்டு இருந்த இடத்தில் ஒரு முக்கலும் கரகரப்பும்தான். இப்படித் தாவித் தாவி ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு நேராக முழுசாகக் கேட்டால் மாற்றம் நடக்கிற கணங்களைக் காது பிடிக்க ஆரம்பிக்கும். 'தாவிக் கேட்பது பாவம்' என்று உங்கள் நண்பர் சொல்வார், பொருட்படுத்தாதீர்கள்.

அந்த வருடம் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட செப்டம்பர் 11 அன்று மாலை அவர் புரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, எதிர்க்கரையில் எழுந்த புகையை இருட்டும் வரை வீடியோ எடுத்தார். அதிலிருந்து எடுத்த படங்கள்தான் ஆல்பங்களின் அட்டை. இந்த விஷயம் தெரிந்த பிறகு அதை மறந்துவிட்டுக் கேட்பது கஷ்டம், ஆனாலும் முதல் தடவை அதை ஒதுக்கி வைத்துவிட்டு டேப்பை மட்டும் கேளுங்கள் என்பேன். டேப்பில் நடப்பதே போதுமான அளவு துக்கம். இவ்வளவுக்குப் பிறகும் சலித்தால் விட்டுவிடுங்கள், நட்பு கெடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு: தம்புரா ஸ்ருதியில் அரை மணி உட்கார்ந்தாலே நீங்கள் சொல்கிற அனுபவம் எங்களுக்குக் கிடைக்கிறது. இதற்கு ஏன் வெள்ளைக்காரர் வேண்டும்?

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது ஐயா. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல், தந்திக்கு அடியில் வைக்கிற அந்தச் சின்ன நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிக்கிறார்களே, அப்போது ஒரே தந்தியிலிருந்து மேல் ஸ்வரங்கள் பொரிந்து கிளம்புகின்றனவே, ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற ட்ரோன் இசைக்காரர்கள் வருடக்கணக்கில் மின்கருவிகளில் தேடியது கிட்டத்தட்ட அதைத்தான். சிலர் தேடிக்கொண்டு நம்மிடமே வந்தார்கள். ஹிந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்கிற பரம்பரையைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத் 1970இல் அமெரிக்கா போனார். லா மாண்ட் யங், டெர்ரி ரைலி, பிறகு ஜான் ஹாஸல் என்று அந்த ஊர்ப் புதிய இசையின் பெரிய ஆட்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1946இல், அகமதாபாத்திலிருந்து நியூயார்க் போன கீதா சாராபாய், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்றார், பதிலுக்கு அவருக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். மனதைத் தெளிவித்து அமைதிப்படுத்தி, தெய்வீகமானதை ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இசையின் நோக்கம் என்று கீதாவின் குரு சொன்னதை அவர் வழியாகக் கேட்ட கேஜ், அதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று நிறுத்திக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம். தம்புரா நம் கச்சேரியில் பின்னால் இருக்கிறது, பாட்டு அதன்மேல் நிற்கிறது. அந்தப் பின்னணியையே முன்னால் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு வேலை, அதை அவர்கள் செய்தார்கள். பிரான்ஸின் எலியான் ராடிக் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் ஒரே ஒரு ஏஆர்பி சிந்தசைஸரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உழைத்துச் செய்த 'ட்ரிலஜி தெ லா மோர்' கேளுங்கள், ஸ்ருதியில் பழகிய உங்கள் காதுக்கு அது எங்களைவிட எளிதாகத் திறக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் இந்தச் சோதனை நடந்தது, நாம்தான் மறந்துவிட்டோம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், என்ஐடியில், 1969இலேயே மூக் சிந்தசைஸர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் வந்து ஸ்டூடியோவை அமைத்துக்கொடுத்தார். மேலே சொன்ன கீதா சாராபாயும் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அதில் வேலை செய்தார்கள். அந்த டேப்புகள் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து, பால் புர்காஸ் என்கிற கலைஞர் தேடி எடுத்ததால் 2023இல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்று வெளிவந்தன. இந்தியாவில் இசையில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அதைக் கேட்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இல்லத்தரசி, பொள்ளாச்சி: எனக்குக் குரல் வேண்டும். வார்த்தையே இல்லாமல் கேட்டால் மனசு ஒட்டவில்லை.

அப்படியானால் க்ரூப்பர் கேளுங்கள். லிஸ் ஹாரிஸ் என்கிற அமெரிக்கப் பெண் தனியாக அந்தப் பெயரில் பாடுகிறார். 2014இல் வந்த 'ரூயின்ஸ்' ஆல்பத்தில் பியானோவும் குரலும்தான். 2011இல் போர்ச்சுகலில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது சின்ன நாலு-ட்ராக் ரெக்கார்டரில் பதிந்தது. வெளியே தவளைகள் கத்துவது கேட்கும், மழை கேட்கும். ஒரு பாட்டில் திடீரென்று 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். புயலில் போன மின்சாரம் திரும்பி வந்ததும் வீட்டு மைக்ரோவேவ் போட்ட சத்தம் அது. வெட்டி எடுக்க ஒரு நிமிடம் ஆகாது, அவர் அப்படியே விட்டுவிட்டார். அந்த 'பீப்' இருப்பதால்தான் நாமும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது.

அடுத்த வாரத்துக்கு அரூஜ் அஃப்தாபின் 'வல்ச்சர் பிரின்ஸ்', 2021. பாகிஸ்தானியப் பாடகி, உருது கஸல்களை எடுத்து, தாளத்தைக் கிட்டத்தட்ட முழுக்க விலக்கிவிட்டு ஹார்ப்பும் கிட்டாரும் வைத்துப் பாடுகிறார். இதில் உள்ள 'மொஹப்பத்' பாட்டுக்கு கிராமி கிடைத்தது.

தமிழிலேயே வேண்டும் என்றால் கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துப் பதிந்தது. அவர் பாடும்போது ராகம் தெரியும், ஆனால் கச்சேரி அவசரம் எதுவும் இருக்காது, ஒரு வரியை முடிக்காமல் நிறுத்திவிட்டு அறையைக் கேட்க விடுவார். எனக்கு இன்று பாடுகிறவர்களில் மிகவும் பிடித்த குரல் இது.

பொறியாளர், சிங்கப்பூர்: ஜப்பானிய ஆம்பியன்ட் ஏன் திடீரென்று எல்லோரும் கேட்கிறார்கள்?

முக்கியக் காரணம் யூடியூபின் பரிந்துரைகள். 1980களில் டோக்கியோவில் சின்ன அளவில் வெளியாகி மறந்துபோன தட்டுகளை யாரோ பதிவேற்ற, அவை லட்சக்கணக்கானோர் முன்னால் தானாக வந்து நின்றன. பிறகு 2017இலிருந்து முறையான மறுவெளியீடுகள் வந்தன. வெறும் அலை என்று ஒதுக்காதீர்கள், சரக்கு இருக்கிறது. ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' (1982) கேளுங்கள், ஜன்னல் வழியாகத் தெரிகிற மேகம், மரம் இவற்றை வைத்து வீட்டில் கீபோர்டில் செய்து, டோக்கியோவின் ஹாரா மியூசியத்தில் ஒலிக்கவிட்டது. இந்தக் கவனமெல்லாம் வருவதற்கு முன் 2003இலேயே அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. மிடோரி தகாதாவின் 'த்ரூ தி லுக்கிங் க்ளாஸ்' (1983) அதைவிடத் துடிப்பானது, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவிலிருந்து கோலா பாட்டில் வரை எல்லாவற்றையும் ஒருவரே வாசித்து இரண்டே நாளில் பதிந்தார்.

மாணவர், வேலூர்: நல்ல ஹெட்போன் இல்லாமல் இதெல்லாம் கேட்க முடியுமா? என்னிடம் 500 ரூபாய் இயர்போன்தான்.

முடியும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள், ஃபேன் சத்தத்தோடு கலந்தால் கலக்கட்டும். ப்ளேயரில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் இருக்க 'கேப்லெஸ்' என்பதை ஆன் செய்துகொள்ளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். விளம்பரம் நடுவில் வருகிற ஆப்பில் மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், இருபதாவது நிமிடத்தில் பான்பராக் விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு.

பெயர் வேண்டாம், மதுரை: எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

மாதம் ஒன்று வாங்குங்கள். சினிமா இசைக்குப் பின்னால் தயாரிப்பாளர் இருக்கிறார், ஆடியோ நிறுவனம் இருக்கிறது. இந்தப் பக்கம் பலருக்கு அப்படி யாரும் இல்லை, ஆல்பம் விற்றால்தான் அடுத்த ஆல்பம். பேண்ட்கேம்ப் என்கிற இசை விற்பனைத் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளத்தின் பங்கு 15 சதவீதம், பணப்பரிமாற்றக் கட்டணம் போக மிச்சம் இசைக்காரருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகும். 2020 மார்ச்சில், கொரோனாவால் கச்சேரிகள் நின்றபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கையும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள், அந்த நாள் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. 2022இல் எபிக் கேம்ஸும் 2023இல் சாங்ட்ராடரும் அந்த நிறுவனத்தை அடுத்தடுத்து வாங்கி, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலையிழந்தது எனக்குக் கோபம்தான், இருந்தாலும் இதைவிட நேர்மையான பெரிய கடை இன்னும் வரவில்லை. வாங்கியதை டவுன்லோட் செய்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும், அதை மட்டும் முதலில் வங்கி ஆப்பில் பாருங்கள். 'விலையை நீங்களே சொல்லுங்கள்' என்று போட்டிருக்கும் ஆல்பங்களும் நிறைய உண்டு.

பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்: நானே செய்து பார்க்க ஆசை. கையில் ஃபோனும் பழைய லேப்டாப்பும்தான் இருக்கின்றன.

தாராளம். ஃபோனில் மூன்று ஒலிகளைப் பதியுங்கள், கோயில் மணி ஒரு அடி, உங்கள் அம்மா ஒரு ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடிப்பது, எவர்சில்வர் டம்ளரை ஈர விரலால் தேய்ப்பது என்று எது வேண்டுமானாலும். லேப்டாப்பில் ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம், அதில் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத நீளத்தில் மூன்று ட்ராக் போடுங்கள். ஒலிக்குப் பின்னால் மௌனம் சேர்த்து முதலாவதை 17 வினாடி, இரண்டாவதை 23, மூன்றாவதை 29 என்று வைத்து ஒவ்வொன்றையும் ரிபீட் செய்யுங்கள். மூன்றும் தொடக்கத்தில் இருந்த மாதிரி மறுபடி ஒன்றுசேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈனோ நாற்காலிகளைச் சுற்றி ஓடவிட்டது இதுதான்.

எங்கே பதிகிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1988இல் தன் அக்கார்டியனை எடுத்துக்கொண்டு, டிராம்போன்காரர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரையும் பாடகர் பனயோட்டிஸையும் கூட்டிக்கொண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் பூமிக்கடியில் கைவிடப்பட்ட ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே எழுப்பிய ஒலி அடங்க 45 வினாடி ஆகும். அதில் வாசித்ததுதான் 'டீப் லிசனிங்' ஆல்பம். உங்கள் ஊரில் முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபம் இருக்கும், வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு அரை மணி நேரம் உள்ளே போய்ப் பதிந்து பாருங்கள். எஃபெக்ட் பட்டனில் வராத எதிரொலி கிடைக்கும்.

வாசகர், ஈரோடு: நாய்ஸ் இசை என்கிறார்களே, ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

மெர்ஸ்பௌ, 'பல்ஸ் டீமன்', 1996. ஜப்பானின் மசாமி அகிதா தன் இசைக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் மெர்ஸ்பௌ. மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது, முழுக்க மின்கருவிகளின் அலறல். பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்த அலறலுக்குள் அடுக்குகள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும், அதற்கு முன் நிறுத்திவிடாதீர்கள். இயர்போனில் மட்டும் வேண்டாம், ஸ்பீக்கரில், சத்தத்தை நீங்கள் வழக்கமாக வைப்பதில் பாதியாக வைத்துக் கேளுங்கள்.